நாகூரில் வாங்கிய லைட் மீட்டர்

என் வாழ்க்கையில் நானே கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்த பொருள்கள் குறைவு. கைக்கடிகாரம் மாமனார் போட்டது. சைக்கிள் அண்ணன் ஓட்டிக் கழித்தது. கேமரா, அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, தனக்குப் பொறுமை இல்லை என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனது. மூன்று நான்கைக் கையில் எடுத்துப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நான் எடுத்தது, படம் பிடிக்க வெளிச்சத்தை அளந்து சொல்லும் ஒரு பழைய லைட் மீட்டர். அதைத் தப்பாக எடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கீழ்வேளூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் வாத்தியார். அதே பள்ளியில் என் சிநேகிதனும் வேலை பார்த்தான். தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவன் என் தாய்மாமாவின் ஊர்க்காரன். அவன் அப்பா மாமாவின் பண்ணையாளாக இருந்து செத்துப்போனவர். அம்மா அதே வயல்களில் நடவு நட்டவர். அவர்கள் தெருவில் அவனுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் யாரும் இல்லை. நாங்கள் இருவரும் தனியாக இருந்தால் வாடா போடாதான். மாமா வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டால் மட்டும் அவன் எனக்கு ‘வாங்க’ போடுவான். வேண்டாமென்று நானும் ஒரு நாளும் சொன்னதில்லை.

கேமரா பைத்தியம் எனக்கு. வேலை தெரிந்தவன் அவன். பயிற்சிக் காலத்தில் விடுமுறை நாள்களில் திருவிடைமருதூரில் ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவும் வேலை பார்த்திருக்கிறான். ஆயிரக்கணக்கான நெகடிவைக் கையால் தொட்டவன் என்பதால், வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “லென்ஸ பதினொண்ணுல வச்சு, ஷட்டர நூறுல அடி” என்பான். அப்படியே அடித்தால் படம் விழும். அவன் சொல்லி நான் எடுத்து வீணாய்ப்போன படம் ஒன்றுகூட இல்லை.

ஊரில் அப்போது நிம்மதி இல்லை. கூலித் தகராறு, அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கியது, களத்து மேட்டில் போலீஸ் என்று ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு சண்டை. புது ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதுவரை கதர் உடுத்திய மாமா கரை வேட்டிக்கு மாறியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் வந்தது. மாமாவின் களத்தை ஒட்டி ஏழு வீடுகள். அதில் ஒன்று என் சிநேகிதனுடையது. விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர்கள் ஏழு வீட்டுக்கும் மனு எழுதிக் கொடுத்தார்கள். மாமா ஒரே வார்த்தையில் மறுத்தார்: “சட்டம் வந்தப்புறம் வந்து குந்தினவங்க. அதுக்கு முன்னால அது வெறும் களம்.”

வாக்காளர் பட்டியலில் தெருவின் பெயர் இருந்ததே தவிர எந்த மனை என்று இல்லை. கூரை வருஷா வருஷம் மாற்றுவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நேற்றுக் கட்டிய வீடுகள்தான். உள்ளே போனால் கதை வேறு. தரையில் பதித்த உரல் தேய்ந்து தேய்ந்து முழங்கை ஆழம் போயிருக்கும். மூங்கில் எல்லாம் புகை ஏறித் தார் பூசியது போல் கறுத்திருக்கும். அவன் அப்பா சாய்ந்து உட்காரும் இடத்தில் சுவரில் தலை எண்ணெய் ஊறிய வட்டம் ஒன்று உண்டு. தாசில்தார் ஐப்பசிக் கடைசியில் நேரில் வருவதாக ஓலை வந்திருந்தது. ஆனால் அவர் குனிந்து ஒவ்வொரு குடிசைக்குள்ளும் போவார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

“உள்ள இருக்கறத போட்டோ புடிச்சுக் குடுத்துட்டா, அவரு தாலுக்கா கச்சேரியில ஒக்காந்தே பாத்துக்கலாம்” என்றான் சிநேகிதன். “நீதான் எடுக்கணும். நான் எடுத்தா என் வூட்ட நானே எடுத்துக்கிட்ட மாதிரி. மாமா மருமவன் எடுத்தான்னா யாரும் பொய்யின்னு சொல்ல முடியாது.”

நான் சரி என்றேன். சொன்ன வேகத்திலேயே மாமாவின் முகம் வந்துபோனது. அதை அவனிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால், “உள்ள இருட்டா இருக்குமே, மீட்டர் இல்லாம எப்படி?” என்றேன்.

“மீட்டர் எதுக்கு? நான் பொறந்த வூடு. அதுல எந்த நேரத்துல எவ்வளவு வெளிச்சம்னு எனக்குத் தெரியாதா?”

“அரசாங்கத்துக்குக் குடுக்கற படம்டா. கண்ணால பாத்துக் குத்துமதிப்பா எடுக்கறதா?”

“சரி. சனிக்கிழமை நாகூர் போவம்” என்றான்.

தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கப்பலில் வரும் சாமான்களை வாங்கி விற்கும் சின்னக் கடை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் செண்டு பாட்டில்கள், டிரான்சிஸ்டர், சவர பிளேடு. லைட் மீட்டர் என்று கேட்டதும் கடைக்காரர் பெஞ்சில் ஒரு துண்டை விரித்து மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. ஒன்று சின்னது, புதிது. ஆனால் பாட்டரியில் ஓடுவது. “அந்தப் பாட்டரிக்கு மெட்ராசுக்குத்தான் போவணும், அங்கயும் இருக்குமாங்கறது சந்தேகம்” என்றார். அதை ஒதுக்கிவிட்டோம். மற்ற இரண்டும் பாட்டரி வேண்டாதவை. முன்பக்கத்தில் தேன்கூடு மாதிரி கண்ணாடி, அதில் வெளிச்சம் பட்டால் ஊசி தானே நகரும். அந்த இரண்டில் ஒன்று பார்க்கச் சகிக்காது. மூலை உடைந்து, எண்கள் பாதி அழிந்து, யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இன்னொன்று ஜெர்மன் சரக்கு. பழுப்புத் தோல் உறை, கழுத்தில் மாட்ட வெள்ளிச் சங்கிலி, கையில் வைத்தால் கனமாக, வழவழவென்று இருந்தது.

நான் அதைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டையும் வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தான். முதலில் உள்ளங்கையால் கண்ணாடியை மூடினான். “ஊசி சைபருக்கு வந்து நிக்கணும்” என்றான். தலைகீழாகத் திருப்பி ஊசி தொங்குகிறதா என்று பார்த்தான். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் எதிர்ச்சுவரில் அடிக்கும் வெயிலுக்குக் காட்டினான். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின. பிறகு கடைக்குள் வந்து பெஞ்சுக்கு அடியில், நிழலுக்குக் காட்டினான். டேப் சுற்றியது சட்டென்று இறங்கியது. ஜெர்மன்காரன் பாதியில் நின்றான். விரலால் சுண்டிய பிறகுதான் மெல்ல இறங்கினான்.

“வெயில்ல சரியாச் சொல்லுது. நெழலுக்கு வந்தா அங்கயே நின்னுடுது. நமக்கு வேணுங்கறது நெழலு. இந்த ஒடஞ்சத எடு.”

கடைக்காரரும் அதையே சொன்னார். “தம்பி சொல்றது சரி. உப்புக் காத்துல வந்த சரக்கு, சமயத்துல மக்கர் பண்ணும். மறைச்சு விக்கிற பழக்கம் நமக்கில்ல. அழகு பாக்காம அத எடுத்துக்கிட்டுப் போங்க.”

இரண்டு பேர் சொல்லியும் நான் கேட்கவில்லை. “சுண்டினா எறங்குதுல்ல? சுண்டிக்கறேன்” என்றேன். பள்ளிக்கூடத்துக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதைத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாதாடவில்லை. “ஒனக்குப் புடிச்சிருந்தா சரி” என்று சொல்லிவிட்டு, தர்கா குளக்கரைப் பக்கம் டீ குடிக்கப் போனான்.

மறுநாள் ஞாயிறு. சம்பா நடவு முடிந்து வயல்கள் எல்லாம் பச்சை கட்டியிருந்தன. நான் சைக்கிளில் போய் இறங்கும்போது ஏழு வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றார்கள். அவன் அம்மா வீட்டை மெழுகி, வெளுத்த புடவை கட்டி, எனக்காக இளநீர் வெட்டி வைத்திருந்தார். தன் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் கொடுத்து எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்பதற்காக இளநீர். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் இளநீரையே குடித்தேன்.

வெளியில் மூன்று படம் எடுத்தேன். அதில் ஒன்றில் அவன் அம்மா வாசலில் நிற்கிறார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பிறகு உள்ளே போனோம். ரோலில் மிச்சம் ஒன்பது படம்.

சிநேகிதன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் கேமராவை வைக்கச் சொன்னான். உரலைப் பார்த்தான், கதவு வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்தான். “லென்ஸ முழுசாத் தொறந்துக்க. நாலு எண்ணற வரைக்கும் ஷட்டரத் தொறந்தே வையி.”

நான் மீட்டரை எடுத்தேன். வாசலில் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனேன். ஊசி வாசலில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. சுண்டினேன். ஒரு கோடு இறங்கி நின்றது. இன்னொரு தடவை சுண்டியிருக்கலாம். சுண்டவில்லை.

“இது ஒரு செகண்டுல இருபத்தஞ்சுல ஒரு பங்குன்னு சொல்லுதே.”

“இந்த இருட்டுக்கா? ஒண்ணும் விழாது. நாலு எண்ணு.”

“நாலு எண்ணினா வெளுத்துப்போயிடும்டா.”

“போவாது. நான் சொல்றேன்ல, நாலு எண்ணு.”

“மிஷின் பொய் சொல்லுமா?”

அவன் அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி சொல்றபடியே செய்யட்டும்டா” என்று மகனிடம் சொன்னார். அவன் விலகிக் கதவோரம் போய் நின்றான். வெளிச்சத்தை மறைக்கிறோமே என்று உடனே அங்கிருந்தும் நகர்ந்து வெளியே போய்விட்டான். ஏழு வீட்டுக்குள்ளும் ஒன்பது படங்களை மீட்டர் சொன்னபடி எடுத்தேன்.

எனக்கு அப்போது தெரியுமா? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளாத வருஷம் இல்லை. வாசலிலும் மூலையிலும் ஊசி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும், அது கோளாறு என்று. படம் விழாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேனா? இல்லை. விழுந்துதான் ஆகவேண்டும் என்று துடித்தேனா? அதுவும் இல்லை. பொறுப்பை அந்த மிஷினின் தலையில் கட்டிவிட்டு, அது விட்ட வழி என்று இருந்தேன்.

புதன்கிழமை புயல் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாத மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு களம் முழுக்கத் தண்ணீர். ஏழு வீட்டின் மண்சுவர்களும் ஊறிச் சரிந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாரையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். தண்ணீர் வடிந்த அன்றே மாமா ஆள் விட்டு இடிபாட்டை வாரி, களத்தைச் சமன் செய்தார். அறுப்புக்குக் களம் வேண்டும் என்றார். உரல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவிடைமருதூர் ஸ்டுடியோவில் அவனே பிலிமைக் கழுவினான். பஸ்ஸில் போகும்போது, “படம் இருக்குல்ல, கவலையில்ல” என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டே வந்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு ஈரப் பிலிமோடு வந்தவன், அதை ஜன்னலுக்கு எதிரே பிடித்தான். மேலே மூன்று கட்டங்களில் உருவம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்பது கட்டமும் வெறும் கண்ணாடி. தெருவில் போகிற மாட்டு வண்டி அதன் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது.

“மீட்டர் கால வாரிவிட்டுடுச்சுடா” என்றேன்.

அவன் பிலிமைக் கிளிப்பில் மாட்டினான். கையைத் துடைத்துக்கொண்டான்.

“ஆமாங்க” என்றான்.

பக்கத்தில் யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். பழக்கத்தில் வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதும் ‘ஜன்னல் பக்கம் ஒக்காருங்க’ என்றான். அதற்குப் பிறகு அவன் என்னை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு மாமா வீட்டில் சாப்பாடு. எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது மாமா கேட்டார். “என்னடா, பறத்தெருவுக்குப் போயி போட்டோ புடிச்சியாமே?”

“ஒண்ணும் விழல மாமா.”

மாமா சிரித்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். “கெட்டிக்காரன்டா நீ” என்று சொல்லி, அத்தையைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு அதிரசம் வைக்கச் சொன்னார். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதிரசத்தைத் தின்றேன்.

தாசில்தார் சொன்ன தேதிக்கு வந்தார். சமன் செய்த களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலக் கணக்கு அடங்கலைப் புரட்டினார். சங்கத்துக்காரர்கள் பேசினார்கள். அவன் அம்மா தான் இந்த மண்ணுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைச் சொன்னார். மாமா தரப்பு ஆட்கள் நாலு பேர் அதை மறுத்தார்கள். “ரெண்டு பக்கமும் சேராத ஆளு யாராவது இருந்தா சொல்லலாம்” என்றார் தாசில்தார். நான் புளியமரத்தடியில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். சின்ன வயதில் மாமாவோடு வண்டியில் போகும்போது அந்த வீடுகளின் வாசலில் நிறுத்தி ஆள் கூப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த உரலில் நெல் குத்துகிற சத்தம் வண்டி வரைக்கும் கேட்கும். ஒரு வாக்கியம் போதும், போட்டோகூட வேண்டாம். என் சிநேகிதன் தலையைத் திருப்பி ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். நான் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனு தள்ளுபடி ஆயிற்று. ஒரு வருஷம் கழித்து ஏழு குடும்பத்துக்கும் வடிகால் ஓரமாகப் புறம்போக்கில் மனை கொடுத்தார்கள். ஊரிலிருந்து நடந்து போக அரை மணி நேரம். ஐப்பசி தோறும் அங்கே முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கிடந்தே அவன் அம்மாவுக்குக் காலில் புண் வந்து, ஆறாமல், நாலைந்து வருஷத்தில் போய்ச்சேர்ந்தார். சாவுக்குப் போயிருந்தேன். நான் எடுத்த அந்த வாசல் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் எடுத்ததால் அது நன்றாகவே விழுந்திருந்தது. வந்தவர்களிடம் அவன் மனைவி, “சார்தான் எடுத்தாங்க” என்று என்னைக் காட்டினார். அங்கே நிற்க முடியவில்லை.

அவனும் நானும் வேறு வேறு பள்ளிகளுக்கு மாற்றலாகிப் போனோம். அவன் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றான். நானும் ஓய்வு பெற்றேன். சில வருஷங்களுக்கு முன், சென்னையில் படிக்கும் என் அண்ணன் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பிலிம் கேமரா இப்போது பிள்ளைகளுக்கு மறுபடி ஆசையாகியிருக்கிறதாம். அவளும் ஒன்று வாங்கியிருந்தாள். பழைய லைட் மீட்டர் ஒன்று வேண்டும், நீங்க வந்து பார்த்துக் கொடுங்க என்று என்னைத் தஞ்சாவூரில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியைக் கையால் மூடினேன். தலைகீழாகத் திருப்பினேன். வெயிலில் காட்டி, நிழலில் காட்டினேன். நிழலில் இறங்காததை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

“சூப்பர் தாத்தா. யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்றாள்.

அடுத்த வாரமே பஸ் ஏறி அவனைப் பார்க்கப் போனேன்.

வடிகாலோரத்து மனையை மேடாக்கி அவன் மாடி வீடு கட்டியிருந்தான். ஒரு மகன் குவைத்தில். பத்து மா நிலம் வாங்கி அவனே பயிர் வைத்திருந்தான். குறுவை அறுப்பு நேரம். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஊசி நிற்பது தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே குடையைப் பார்த்தேன், மன்னித்துவிடு என்றேன்.

அவன் கால் மேல் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டான்.

“ஊசி நின்னத நானும் பாத்தேங்க” என்றான்.

“பின்ன ஏன் அன்னிக்கே கேக்கல?”

“ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ கேமராவ ஒங்க கையிலேர்ந்து வாங்கி நானே எடுத்திருக்கணும். வாங்கல. அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. மிராசுதார் மருமவன் கையிலேர்ந்து ஒரு சாமான நான் புடுங்குறதான்னு இருந்துச்சு. ஒங்கள நெனச்சு வருத்தப்பட்டதவிட அதத்தான் நான் அதிகமா நெனச்சிருக்கேன்.”

அவனும் இத்தனை வருஷம் ஒரு வருத்தத்தைச் சுமந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. செய்யாத குற்றத்துக்கு அவன் தன்னை நொந்துகொண்டிருக்கிறான், செய்த நான் மன்னிப்புக் கேட்டு லேசாகலாம் என்று பஸ் ஏறி வந்திருக்கிறேன். “என்னைய நீன்னு கூப்புடுடா” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவன் லேசாகச் சிரித்தான். “வராதுங்க இனிமே” என்றான்.

போன் அடித்தது. அறுவடை மிஷின் வயலில் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். “இருங்க, சாப்ட்டுட்டுப் போவலாம், வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். அவன் மனைவி இலை போட்டுச் சோறு பரிமாறினார். வெகுநேரம் காத்திருந்தேன். நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது இல்லை என்றார்கள். பஸ் வயலோரம் திரும்பும்போது பார்த்தேன். தூரத்து வயலில் மிஷினைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு ஆள் முழங்கால் சேற்றில் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துக்கொண்டிருந்தார். அது அவனா என்று பார்ப்பதற்குள் பஸ் பாலம் ஏறிவிட்டது.